அடர் தீவனத்தைக் கூட்டிய பிறகு பாலில் கொழுப்பு இறங்குவது ஏன்?

கேள்வி: என் கறவைப் பசு 450 கிலோ எடை இருக்கும். ஈன்று 24 நாள் ஆகிறது. 14 லிட்டர் பால். 12-ஆம் நாளிலிருந்து 17-ஆம் நாளுக்குள் அடர் தீவனத்தை 2 கிலோவிலிருந்து 7 கிலோவாக உயர்த்தினேன். காலையும் மாலையும் பால் கறக்கும் முன்பு பாதிப் பாதியாக வைக்கிறேன். பசுந்தீவனம் 20 கிலோ, இயந்திரத்தில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்கியது. இரவில் வைக்கோல் சுமார் 2 கிலோ. பால் கூடவில்லை. கொழுப்பு 4.1 சதவீதத்திலிருந்து 2.9-க்கு வந்துவிட்டது, புரதம் 3.1. சாணம் இளகி, நுரையோடு தானியத் துண்டுகள் தெரிகின்றன. ஒரு நாள் நன்றாகத் தின்கிறது, மறுநாள் பாதி மிச்சம் வைக்கிறது. கால்சியம் டானிக் கொடுக்கலாமா? தீவனத்தை மாற்றலாமா?

பதில்: டானிக் தேவையில்லை, தீவனப் பையையும் மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்தால், பசுவின் பெருவயிற்றில் (தீவனம் முதலில் போய்ப் புளிக்கும் பெரிய அறை) அமிலம் மிகுந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. படுத்துவிடும் அளவுக்கு முற்றாத, தினமும் சில மணி நேரம் வந்து போகும் மிதமான அமில நிலை இது. இப்போதே சரிசெய்தால் சீக்கிரம் மீளும்.

அதற்கு முன், பால் மாதிரி எப்படி எடுத்தீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். முதல் பீச்சில் கொழுப்பு மிகக் குறைவு, கடைசிப் பாலில் மிக அதிகம். முழுவதும் கறந்து கலக்கிய பாலில், காலை மாலை இரு வேளையும் எடுத்த மாதிரியைத்தான் நம்பலாம். அப்படி எடுத்தும் கொழுப்பு புரதத்துக்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கிறது.

உங்கள் கணக்கை உலர் எடையில், அதாவது ஈரத்தை நீக்கிய எடையில் போட்டுப் பார்ப்போம். அடர் தீவனம் 7 கிலோவில் உலர் எடை சுமார் 6.3 கிலோ. பசுந்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர் பொருள் என்று கொண்டால் 4 கிலோ. வைக்கோல் 1.8 கிலோ. ஆகமொத்தம் 12.1 கிலோ, அதில் அடர் தீவனம் 52 சதவீதம். 14 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு இந்த அளவோ இந்த விகிதமோ தவறில்லை. தவறு வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: 5 நாளில் கூட்டிய வேகம், ஒரே வேளையில் விழும் 3.5 கிலோ, அரை சென்டிமீட்டர் நறுக்கு.

தீவனத்தை முதலில் தின்பது பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள். அவை மிச்சம் தருவதைக் கொண்டுதான் பசு வாழ்கிறது. தீவன ஆய்வில், வயிற்றில் திறப்பு வைத்த மாட்டின் பெருவயிற்றுக்குள் நைலான் பையில் தீவனத்தைத் தொங்கவிட்டு, குறித்த நேரத்துக்கு ஒரு பையாக எடுத்து நிறுத்துப் பார்ப்பார்கள். பொடித்த கோதுமை, பார்லி போன்றவற்றின் மாவுச்சத்து சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். வைக்கோலோ 48 மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய பாதி அப்படியே கிடக்கும். இந்த வேக வித்தியாசத்தில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. 3.5 கிலோ அடர் தீவனம் ஒரே மூச்சில் உள்ளே போனால் அத்தனை மாவுச்சத்தும் ஒன்றாகப் புளிக்கிறது. அமிலம் உண்டாகும் வேகத்துக்கு வயிற்றுச் சுவரால் அதை உறிஞ்ச முடிவதில்லை.

உறிஞ்சும் வேலையைச் செய்பவை வயிற்றின் உட்புறத்தில் துவாலையின் நூல்கள்போல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நீட்சிகள். கறவை வற்றிய காலத்தில் நார் மட்டும் தின்னும்போது இவை குட்டையாகிவிடும். மறுபடி வளர 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மாவுச்சத்து புளித்து உண்டாகும் லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் பெருகவும் 2, 3 வாரம் வேண்டும். மாவுச்சத்தைத் தின்று அமிலம் கக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் போன்றவையோ சில மணி நேரத்திலேயே பெருகிவிடும். 5 நாளில் 5 கிலோ கூட்டியபோது அமிலம் செய்பவை தயாராக இருந்தன, அதைத் தீர்ப்பவை இல்லை.

பெருவயிற்றின் அமில கார நிலை (pH; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 6-க்கு மேல் இருந்தால்தான் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். 5.6-க்குக் கீழே தினமும் 3 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் அதை அமில நோய் என்கிறோம். நார் செரிக்காதபோது அசிட்டிக் அமிலம் குறைகிறது. பால் கொழுப்பு கட்டுவதற்கான முக்கிய மூலப்பொருள் அதுதான். அதைவிட முக்கியமான இன்னொன்றும் நடக்கிறது. அமில வயிற்றில் கொழுப்பு அமிலங்கள் வழக்கமான பாதையை விட்டு வேறு வடிவம் எடுக்கின்றன. அவற்றில் ஒன்று மிகச் சிறிதளவு மடிக்குப் போனாலே அங்கே கொழுப்பு உற்பத்தி இறங்கிவிடும். செரிக்காமல் பெருங்குடலுக்குத் தப்பிய மாவு அங்கே புளிப்பதால்தான் சாணத்தில் நுரையும் தானியமும். அமிலம் ஏறிய நாளில் பசியில்லை, அடங்கிய நாளில் பசி. ஒரு நாள் தின்று மறுநாள் மிச்சம் வைப்பதன் காரணம் அதுவே.

அடுத்து நறுக்கின் அளவு. ஒரு கறவைப் பசு நாளைக்கு 100 லிட்டருக்கும் மேல் எச்சில் சுரக்கும். அதில் இருக்கும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் மட்டுமே ஒரு கிலோவுக்கு மேல். ஆனால் மெல்லும்போதுதான் அது பெருகிச் சுரக்கும். அரை சென்டிமீட்டர் துண்டை அசைபோட வேண்டிய அவசியம் மாட்டுக்கு மிகக் குறைவு. வயிற்றின் அடுத்த அறைக்குச் சீக்கிரமே வழுக்கிப் போய்விடும். நார்ச்சத்து கணக்கில் இருக்கிறது, வயிற்றில் நார் செய்ய வேண்டிய வேலை நடக்கவில்லை. பசுந்தீவனத்தை 2 முதல் 3 சென்டிமீட்டராக நறுக்குங்கள். இயந்திரத்தில் பற்சக்கரத்தை மாற்றியோ, கத்திகளில் ஒன்றைக் கழற்றியோ நீளத்தைக் கூட்டலாம். கழற்றினால் சக்கரம் சமநிலையில் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வைக்கோல் 3 முதல் 5 சென்டிமீட்டர். முழு நீளத்தில் போட்டால் ஒதுக்கிவிட்டு ருசியானதை மட்டும் பொறுக்கித் தின்னும்.

இன்றே செய்ய வேண்டியது: அடர் தீவனத்தை 5 கிலோவாகக் குறைத்து, 1.25 கிலோ வீதம் நான்கு வேளையாகப் பிரியுங்கள். பயத்தில் அடியோடு நிறுத்திவிடாதீர்கள். ஈன்ற முதல் மாதத்தில் மாடு ஏற்கெனவே உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் பால் தருகிறது. திடீரென நிறுத்தினால் அந்தக் கரைப்பு அளவுமீறி, கீட்டோசிஸ் என்ற நோய் வரலாம். சாணம் கெட்டிப்பட்ட பிறகு 4 நாளுக்கு ஒருமுறை அரை கிலோ வீதம் ஏற்றினால் 16 நாளில் மறுபடி 7 கிலோவுக்கு வரலாம். ஒரு படியில் சாணம் இளகினால் அதே அளவில் இன்னும் 4 நாள் நிறுத்தி வையுங்கள். 7 கிலோ எட்டிய பிறகும் ஒரு வேளைக்கு 2 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

வரிசையும் முக்கியம். வெறும் வயிற்றில் அடர் தீவனம் கூடாது. காலையில் முதலில் வைக்கோலோ நீளமாக நறுக்கிய பசுந்தீவனமோ கொடுங்கள், அரை மணி நேரம் கழித்து அடர் தீவனம். இரண்டையும் கலந்து வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. வைக்கோலை இரவுக்கு மட்டும் ஒதுக்காமல் எப்போதும் தொட்டியில் இருக்கும்படி செய்யுங்கள். தானியத்தை மாவாகப் பொடிக்காமல் நொய்யாக உடைத்துக் கொடுங்கள். வேகவைத்த தானியத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள்; வெந்த மாவு இன்னும் வேகமாகப் புளிக்கும். தண்ணீர் நாள் முழுவதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சோடா உப்பு (சோடியம் பைகார்பனேட்) கொடுக்கலாமா என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். கொடுக்கலாம்: உலர் எடையில் 0.75 முதல் 1 சதவீதம், உங்கள் பசுவுக்கு நாளொன்றுக்கு 90 முதல் 120 கிராம், எல்லா வேளைத் தீவனத்திலும் பிரித்துக் கலக்க வேண்டும். ஒரே வேளையில் கொட்டினால் மாடு தீவனத்தையே ஒதுக்கும். ஆனால் பசு தானே சுரக்கும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பைகார்பனேட்டோடு இந்த 100 கிராமை ஒப்பிட்டுப் பாருங்கள். நறுக்கையும் வேளையையும் திருத்தாமல் சோடாவை மட்டும் நம்பினால் பயனில்லை. எண்ணெய்ப் பிண்ணாக்கு, எண்ணெய் வித்து ஏதாவது கூடுதலாகச் சேர்த்திருந்தால் அதையும் குறையுங்கள். அதுவும் பால் கொழுப்பை இறக்கும்.

சரியாகிறதா என்பதைத் தொழுவத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மாடு படுத்து ஓய்வெடுக்கும்போது ஒரு கவளத்துக்கு எத்தனை முறை மெல்கிறது என்று எண்ணுங்கள்: 50 முதல் 70 வரை நல்லது, 40-க்குக் கீழே போனால் நார் போதவில்லை. சாணம் 3, 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு வளையம் வளையமாக விழ வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து சல்லடையில் தண்ணீர் விட்டு அலசினால், தானியமும் நீண்ட நாரும் எவ்வளவு தப்புகின்றன என்று தெரிந்துவிடும். இவை சில நாளில் திருந்தும். கொழுப்பு ஏற 10 நாளிலிருந்து 3 வாரம் வரை ஆகலாம்; மூன்றாம் நாளே பார்த்துவிட்டு மறுபடி எதையும் மாற்றாதீர்கள். வயிற்று நீரைப் பரிசோதிக்க மருத்துவர் முன்வந்தால், அடர் தீவனம் தின்ற 2 முதல் 4 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்லுங்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தால் எச்சில் கலந்து, அமிலம் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும்.

இது முற்றிய நிலைக்குப் போனால் கை வைத்தியம் வேண்டாம். தீனியை முற்றிலும் விட்டுவிடுவது, புளித்த வாடையுடன் தண்ணீராகக் கழிவது, கண் குழிவது, தள்ளாடுவது, இடப்பக்க வயிற்றில் கையை அழுத்தி வைத்தால் 2 நிமிடத்துக்கு 3 முறை வரவேண்டிய அசைவு நின்றுபோவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரை அழையுங்கள். கட்டவிழ்ந்த மாடு தானியக் குவியலைத் தின்றுவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. மருத்துவர் வரும்வரை அடர் தீவனத்தை முழுவதும் எடுத்துவிட்டு, மாடு தின்றால் வைக்கோல் மட்டும். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தள்ளாடும் மாட்டுக்குப் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

குளம்புகளையும் அடுத்த 2, 3 மாதம் கவனியுங்கள். வயிறு சரியான பிறகும் நொண்டல் தாமதமாக வருவதுண்டு. அடுத்த ஈற்றுக்கு, ஈனும் நாளுக்கு 3 வாரம் முன்பே அரை கிலோவில் அடர் தீவனத்தைத் தொடங்கி, ஈனும்போது 2 கிலோவாக இருக்கும்படி மெல்ல ஏற்றுங்கள். ஈன்ற பிறகு 3 நாளுக்கு ஒருமுறை அரை கிலோ என்பதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.