எடைக்குறைப்பு ஆபரேஷனும் வலி மாத்திரைகளும்: மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள்

கோயமுத்தூரில் மயக்க மருந்து டாக்டராக இருக்கிறேன். வந்த கேள்விகளில் நாலை எடுத்துக்கொண்டேன். உங்கள் மருந்துச் சீட்டை நான் பார்க்கவில்லை, அதனால் எதையும் மாற்றும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

திருப்பூர் அம்மணி: அடுத்த மாசம் எனக்கு இரைப்பையைக் குழாய் மாதிரி சின்னதா வெட்டற ஸ்லீவ் ஆபரேஷன். ஒரே வலிக்கு மூணு நாலு மருந்து போடுவாங்களாமே, எதுக்குங்க?

ஒரே வலி இல்லையே. தோலில் போட்ட துளை வலிக்கும், உள்ளே வெட்டித் தைத்த இடம் வலிக்கும், வயிற்றை உப்ப வைக்க ஏற்றுகிற கார்பன் டை ஆக்சைடு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற தசையான உதரவிதானத்தை உறுத்தி, தோள்பட்டையில் வலியாகத் தெரியும். அதனால் டிரிப்பில் பாராசிட்டமால், துளை போட்ட இடத்தில் மரத்துப்போகும் ஊசி என்று கலந்து கொடுத்தால் மார்ஃபின், ஃபென்டனில் வகை கடுமையான வலி மருந்து குறைவாகவே தேவைப்படும். பருமனான பலருக்குத் தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும். மார்ஃபின் கூடினால் அந்த மூச்சு இன்னும் மந்தமாகும். தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கிற சிபாப் கருவி வீட்டில் இருந்தால் மறக்காமல் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

ஈரோடு: அப்பாவுக்கு இரைப்பை பைபாஸ் ஆகி ஒரு வருசம் ஆச்சுங்க. முட்டி வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடறார். கூடவே வயித்து அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோலும் போடறார், சரிதானுங்களே?

சரியில்லை. சின்னதாக்கின இரைப்பையைக் குடலோடு இணைத்த இடத்தில் டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை புண்ணாக்கும், ரத்தம் கசியும், ஓட்டையே விழலாம். பான்டோபிரசோல் ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். பீடி சிகரெட் இருந்தால் இன்னும் மோசம். மலம் தார் மாதிரி கருப்பாகப் போனால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். முட்டிக்குப் பாராசிட்டமாலும் பிசியோவும் முதலில் பாருங்கள்.

பொள்ளாச்சி: டிஸ்சார்ஜ் ஆகி வந்துட்டேன். பாராசிட்டமால் 650, ட்ரமடால் கூட்டு மாத்திரை, ரெண்டும் நாலு வேளை போடலாமுங்களா?

அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். அந்தக் கூட்டு மாத்திரைக்குள்ளேயே பெரும்பாலும் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். நாலு வேளைக்கு 2600-ம் 1300-ம் சேர்ந்து 3900 ஆச்சு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4000 தான் உச்சவரம்பு, ஈரல் கெட்டிருந்தால் அதைவிடக் குறைவு. சளிக்கென்று பாராசிட்டமால் கலந்த இன்னொரு மாத்திரை போட்டால் வரம்பு தாண்டிவிடும். இன்னொன்று, மனச்சோர்வுக்கு செர்ட்ரலின், எஸ்சிடலோபிராம் மாதிரி எதுவும் சாப்பிட்டால் ட்ரமடாலைத் தொடும் முன் சொல்லியே ஆகவேண்டும், சேர்ந்தால் வலிப்பு வரைக்கும் போகலாம். நரம்பு வலிக்கான பிரீகாபலினோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். சரக்கு? பேச்சே வேண்டாம்.

கோபி: மூணாம் நாள், தோள் வலி விடலை. மாத்திரையைக் கூட்டிக்கட்டுமா?

தோள் மட்டும் என்றால் எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடங்கள், வாயு மெல்ல அடங்கும். ஆனால் வயிற்று வலி நாளுக்கு நாள் ஏறுகிறது, காய்ச்சல், உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டுகிறது என்றால் தையலில் கசிவு இருக்கலாம். அப்போது வலி மாத்திரையைக் கூட்டி அமுக்கிவைக்காதீர்கள், நடுராத்திரி ஆனாலும் ஆபரேஷன் பண்ணின இடத்துக்குப் போன் போட்டுவிட்டு வண்டி ஏறுங்கள்.