அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்குரிய மாநில மலரைச் சதுப்பிலிருந்து பெயர்த்துவந்து வீட்டில் வளர்க்கலாமா?

வீட்டில் வளர்க்கலாம், ஆனால் சதுப்பிலிருந்து பெயர்த்து வரக் கூடாது. வெள்ளை இதழ்களும், பை போன்ற இளஞ்சிவப்பு இதழொன்றும் கொண்ட அந்த மலர் 'ஷோயி லேடிஸ் ஸ்லிப்பர்' எனப்படும் காட்டு ஆர்க்கிட். அதைப் பறிப்பதற்கும் தோண்டியெடுப்பதற்கும் எதிராக 1925 முதலே அம்மாநிலத்தில் சட்டம் உண்டு. சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டாலும், தோண்டிய செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை.

இதன் விதை தூசியைப் போல நுண்ணியது. முளைக்கும் கருவுக்கு வேண்டிய உணவுச் சேமிப்பு அதில் இல்லாததால், மண்ணில் வாழும் பொருத்தமான பூஞ்சையொன்று உள்ளே புகுந்து ஊட்டமளித்தாலன்றிக் காட்டில் அது வளராது. முளைத்த பின்னும் வளர்ச்சி மிக மெதுவானது. முதல் பூவைக் காண 16 ஆண்டுகள் வரைகூட ஆகலாம். ஆகவே நீங்கள் பார்த்தது கொத்தாகப் பூத்து நிற்கும் செடி என்றால், அதன் வயது உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வயதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும்.

அடுத்தது தண்ணீர். ஈரநிலச் செடி என்றதும் தேங்கிய நீரில் நட்டுவிடுகிறார்கள், அது அழுகிப்போகிறது. டாமராக், வெள்ளை சீடர் ஆகிய மரங்கள் வளரும் சதுப்புகளில், சுண்ணாம்புச் சத்துள்ள நிலத்தடி நீர் மெல்ல ஊறி நகரும் இடங்களையே இது விரும்புகிறது. தண்டின் அடிப்பகுதி நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, காற்றுப் படும் மண்ணில் இருக்க, நீண்ட வேர்கள் பக்கவாட்டில் பரவி ஈரத்தைத் தேடிக்கொள்கின்றன. மண்வெட்டி முதலில் அறுப்பது அந்த வேர்களைத்தான்.

பூவை அருகிருந்து பார்த்தால், அந்தப் பை அழகுக்காக மட்டும் அமைந்ததன்று என்பது தெரியும். உள்நோக்கி மடிந்த விளிம்பைத் தாண்டிப் பைக்குள் இறங்கும் தேனீ, வந்த வழியே திரும்ப முடியாமல், பின்பக்கம் உள்ள மயிர்களைப் பற்றி ஏறி, மேலே இருக்கும் சிறு துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். அவ்வழியில் முதலில் சூல்முடி அதன் முதுகில் உரசி, முந்தைய பூவின் மகரந்தத்தை வாங்கிக்கொள்கிறது. அதன் பிறகே இந்தப் பூவின் பசைபோன்ற மகரந்தம் ஒட்டுகிறது. இவ்வளவு உழைப்புக்கும் தேனீக்குத் தேன் ஒரு துளியும் கிடையாது. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகவே படுகிறது.

மாநில மலரான கதையும் சுவையானதே. 1893இல் அங்கே தேர்ந்தெடுத்தது, அம்மாநிலத்தில் வளராத வேறொரு லேடிஸ் ஸ்லிப்பர் இனத்தை. அதை உணர்ந்து 1902இல் இந்த மலருக்கு மாற்றினார்கள். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவிலோ இதற்கு நேர்மாறாக, 1947இல் இதையே மாகாண மலராக அறிவித்துவிட்டு, அங்கே இது மிக அரிது என்பதால் 1965இல் வேறு லேடிஸ் ஸ்லிப்பர் இனத்துக்கு மாறினார்கள்.

தோட்டத்தில் வளர்க்கவே விரும்பினால், ஆய்வகத்தில் விதையிலிருந்து வளர்த்த கன்றுகளை விற்கும் நாற்றுப்பண்ணைகளிடம் வாங்குங்கள். விலை அதிகம்தான், பூப்பதற்கு மேலும் சில ஆண்டுகள் காத்திருக்கவும் நேரும். பூக்கும் பருவத்துச் செடியை மலிவாகத் தருவதாக எவராவது சொன்னால், அது எங்கே வளர்ந்தது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். குளிர்காலத்தில் நீண்ட உறைகுளிர் இதற்குக் கட்டாயம் என்பதால், சென்னையிலோ கொழும்பிலோ தொட்டியில் வைத்து வளர்க்கும் எண்ணம் வேண்டாம்.

காட்டில் காண வேண்டுமென்றால், ஜூன் பிற்பகுதியிலிருந்து ஜூலைத் தொடக்கத்துக்குள் வடக்கு மின்னசோட்டாவின் 11ஆம் எண் நெடுஞ்சாலையில் செல்லுங்கள். சாலையோரப் பள்ளங்களிலேயே பூத்திருக்கும். படமெடுக்கும்போது இலையையும் தண்டையும் தொடாதீர்கள். அவற்றை மூடியிருக்கும் மெல்லிய மயிர்கள் சிலருடைய தோலில் கடும் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும்.