குண்டுக்கு எதற்குப் பவுடர்?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மருமகன் ஓய்வு நாட்களில் துப்பாக்கித் தோட்டாவைத் தானே கையால் அடைக்கிறார். போன தடவை போயிருந்தபோது, கேரம் போர்டு பவுடர் மாதிரி ஒரு வெள்ளைப் பொடியில் குண்டுகளைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்றால் "ஸ்பீடுக்கு மாமா" என்கிறார். உண்மையா? (கரூர் வாசகர்)

பதில்: கேரம் பவுடர் என்று சும்மா சொன்னீர்களோ என்னவோ, சரியாகச் சொல்லிவிட்டீர்கள். கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரும் மருமகனின் வெள்ளைப் பொடியும் (போரான் நைட்ரைடாகத்தான் இருக்கும்) ஒரே வித்தைக்காரர்கள். இரண்டிலும் அணுக்கள் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கும். தட்டுக்குள்ளே பிடி இறுக்கம், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே பிடி தளர்வு. லேசாகத் தள்ளினாலே சீட்டுக்கட்டு போலச் சரிந்துவிடும்.

பென்சில்வேனியாவில் நானும் பல வருடமாக இந்த வேலை பார்க்கிறவன்தான். நான் ஆரம்பித்தது மாலியில். மாலி என்றால் மாலிப்டினம் டைசல்ஃபைடு, கறுப்புப் பொடி. 1990களில் இங்கே அதன்மேல் ஒரே மோகம். செப்புறை போட்ட குண்டுகளைப் பிசுக்கில்லாமல் கழுவி, பொடியும் சின்ன எஃகு உருண்டைகளும் சேர்த்து டப்பாவில் மூடி, டம்ளரில் சில மணி நேரம் ஓடவிட வேண்டும். காபி டம்ளர் இல்லை. போட்டதைப் புரட்டியெடுக்கும் ஒரு மெஷின். உருண்டைகள் இடித்து இடித்தே பொடியைச் செம்பில் ஏற்றிவிடும். குண்டோடு கை, சட்டை, ஃப்ரிட்ஜ் கதவு எல்லாம் கறுக்கும். அந்தக் கையோடு சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்று என் வீட்டில் சட்டமே போட்டார்கள்.

ஸ்பீடு விஷயம் நேர்மாறு. குண்டு குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போவதால் வெடிமருந்து எரியும்போது எதிர்த்து நிற்பது குறைவு. அழுத்தம் இறங்கும், கூடவே வேகமும் இறங்கும். இறங்கிய வேகத்தைப் பிடிக்க மருந்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள். மருமகன் சொல்லும் ஸ்பீடு அந்த மருந்து கொடுத்தது. பூச்சுக் குண்டுக்குக் கூட்டிய அளவைப் பூச்சில்லாத குண்டுக்கு மாற்றிப் போட்டுவிட்டால் அழுத்தம் எல்லை மீறலாம். நான் இரண்டுக்கும் டப்பாவையே வேறு நிறத்தில் வைத்திருக்கிறேன். மருமகனிடமும் இதை மட்டும் கேட்டுவையுங்கள்.

அப்புறம் எதற்கு இந்தப் பாடு? குழலில் செம்பு ஒட்டுவது குறையும். புல்வெளியில் ப்ரெய்ரி நாய்களை (பெயர்தான் நாய், வளை தோண்டும் அணில் இனம்) சுடப் போகிறவர்கள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுடுவார்கள். நடுநடுவே உட்கார்ந்து குழலைத் தேய்க்காமல் இருப்பது அவர்களுக்குப் பெரிய சௌகரியம். என்னைப் போல நாற்பது ரவுண்டு சுட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு அவ்வளவாக இல்லை. அதுவும் கழுவிய குழலில் முதல் சில குண்டுகள் வேறெங்கோ போய் விழும்; உள்ளே பூச்சு படிந்த பிறகுதான் ஒழுங்குக்கு வரும்.

மாலியை நான் விட்டது ஒரு கோடையில். சுட்டதும் கழுவாமல் வைத்த குழலில், பிசினாக ஒட்டியிருந்த மாலிக்கு அடியில் துருப்புள்ளிகள். சோம்பல் என்னுடையதுதான். ஆனாலும் மாலியில் இருக்கும் கந்தகத்தின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். போரான் நைட்ரைடில் கந்தகம் இல்லை, கையும் கறுக்காது, மாலியைவிடச் சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

கேள்வி: பென்சில் கரியும் வழுக்குகிறதே, அதைப் பூசினால் என்ன? என்னிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. (கூடலூர் வாசகர்)

பதில்: கிராஃபைட்டும் தட்டடுக்குதான். ஆனால் அது வழுக்கக் காற்றில் ஈரம் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த விமானங்களில், ஈரமில்லாத அந்தக் காற்றில், டைனமோவின் கார்பன் பிரஷ்கள் (சுழலும் பாகத்தை உரசி நிற்கும் கிராஃபைட் துண்டுகள்) மளமளவென்று தேய்ந்தபோதுதான் இது பிடிபட்டது. மாலி அப்படியில்லை; காற்றே இல்லாத விண்வெளியிலும் வழுக்கும்.

அடுத்தது லைசென்ஸ். துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கொடுத்த உரிமம் தோட்டா செய்வதற்குச் செல்லாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தயாரிப்புக்குத் தனி உரிமம் வேண்டும். பென்சில் தூளைத் திண்டுக்கல் பூட்டுக்குப் போடுங்கள், நன்றாகத் திறக்கும்.