நிறமும் நீச்சல் குளமும்

அன்புள்ள அக்காவுக்கு,

நியூ ஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. ஜூன் மாதம் பள்ளி மூடினால் செப்டம்பர் வரை என் நாள் என்னுடையதாக இருப்பதில்லை. கணக்கு வகுப்பு, தமிழ் வகுப்பு, பரதநாட்டியம், நீச்சல் என்று நான்கு இடங்களுக்குக் காரோட்டிக்கொண்டே அலுவலகக் கூட்டங்களில் பேசுகிறேன். மாமியார் திருச்சியிலிருந்து வந்திருக்கிறார். அவருக்குத் தனிச் சமையல். மூன்று வருடங்களாக நாற்பது பக்கத்தில் நிற்கும் நாவலை இந்தக் கோடையில் முடிப்பதாக எனக்கே வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு வரிகூட எழுதவில்லை.

இதற்கு நடுவில் இன்னொன்று. நீச்சல் வகுப்பில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி என் மகளிடம் "நீ கறுப்பினமா, மெக்ஸிகனா?" என்று கேட்டிருக்கிறாள். இவள் "ஆசியர்" என்றதற்கு, "ஆசியர் என்றால் சீனர்கள்தானே" என்றாளாம். வீட்டுக்கு வந்து "நாம் யார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வெயிலில் நீந்தினால் கறுத்துப்போவாய் என்று பாட்டியும் தினம் சொல்வதால் இப்போது நீச்சலுக்கே போகமாட்டேன் என்கிறாள். அது போகட்டும். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு கறுப்பினப் பெண், நர்ஸ், தன் மகளோடு என் பிள்ளைகளையும் குளத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார். எனக்குத்தான் ஏதோ தயக்கம். மாமியாருக்கும் அது சரிப்படவில்லை.

என் கேள்வி இதுதான்: குடும்பத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் ஒரு பெண் எப்படி நேரம் ஒதுக்குவது?

வி.

அன்புள்ள வி.,

"அது போகட்டும்" என்று நீங்கள் தள்ளிவிட்டுப் போன வரியை என்னால் போகவிட முடியவில்லை.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், எட்டு வயதுக் குழந்தை ஒன்றின் முகத்தில் ஒப்பனைக்காரப் பெண் அதன் நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாத வெளுத்த பூச்சைத் தடவிக்கொண்டிருந்தாள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். அம்மா பக்கத்திலேயே நின்று "இன்னும் கொஞ்சம் போடுங்கள்" என்றாள். அந்தக் குழந்தை கண்ணாடியைப் பார்த்த விதம் எனக்கு இன்னும் மனதை அறுக்கிறது. அந்த நிலையில் இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் மகளை நிறம் கேட்ட சிறுமியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் தெரியாமல் கேட்டாள், தெரியாமலே விட்டுவிட்டாள். அவள் கேட்டதற்காக உங்கள் மகள் நீச்சலை நிறுத்தவும் இல்லை. பாட்டி சொன்னதற்குத்தான் நிறுத்தியிருக்கிறாள். இதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எழுதிவிட்டுப் படிக்காமல் அனுப்பியிருக்கிறீர்கள். நிறத்தில் மேல் கீழ் உண்டு, நீ கீழே இறங்கிக்கொண்டிருக்கிறாய் என்ற செய்தி உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தமிழில், பாசமான குரலில் அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் இனவெறியைப் பற்றி அவளுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கும் முன் இதை யோசித்திருக்க வேண்டாமா?

இனம் கேட்கும் அரசுப் படிவத்தில் எந்தக் கட்டத்தைக் குறிப்பது என்பதெல்லாம் சிறிய விஷயம். அந்த நாட்டின் அரசுக்கே நம்மை எதில் சேர்ப்பது என்று வெகுகாலம் தெரியவில்லை. 1930, 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் இந்தியாவிலிருந்து போன சீக்கியரையும் முஸ்லிமையும்கூட "இந்து" என்ற இனமாக எழுதினார்கள். 1970இல் வெள்ளையரோடு சேர்த்து எண்ணினார்கள். 1980இல்தான் "ஆசிய இந்தியர்" என்று தனிக் கட்டம் வந்தது. இதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள், பதினொரு வயதுக்கு நன்றாகப் புரியும். அந்தச் சிறுமியிடமும் போய்ச் சொல்வாள்.

அவளிடம் பகத் சிங் திந்தைப் பற்றியும் சொல்லுங்கள். பஞ்சாபி, முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே குடியுரிமை பெற முடியும். திந்தின் வழக்கு 1923இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இந்தச் சட்டமே அநியாயம் என்று அவர் தரப்பு வாதாடவில்லை. நான் உயர்சாதி, ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று வாதாடியது. அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை எப்படிப் பார்க்கிறார்களோ, அப்படித்தான் நாங்களும் எங்கள் நாட்டுப் பூர்வகுடிகளைப் பார்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்தது! நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த பல இந்தியர்களும் அதன்பிறகு அதை இழந்தார்கள். நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த வாதத்தை இன்னும் நம் வீடுகள் கைவிடவில்லை. நர்ஸ் அம்மாவின் காரில் பிள்ளைகளை ஏற்ற உங்களுக்கு வருகிற தயக்கத்தின் வேர் எங்கே என்று நினைக்கிறீர்கள்?

நீச்சல் குளம் அந்த நாட்டில் சாதாரண இடமில்லை. சிகாகோவில் 1919 ஜூலை மாதக் கடும் வெப்பத்தில், மிச்சிகன் ஏரியில் நீந்திய யூஜின் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுக் கறுப்பினப் பையனின் தெப்பம், வெள்ளையர்கள் தங்களுடையது என்று வைத்திருந்த பகுதிக்கு மிதந்து போய்விட்டது. தண்ணீரில் கோடு போட முடியுமா? கரையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கல்லெறிந்தார், பையன் மூழ்கிச் செத்தான். தொடர்ந்து ஒரு வாரம் நடந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். 1964 ஜூன் மாதம், ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில் ஒரு விடுதிக் குளத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து இறங்கினார்கள். விடுதிக்காரர் குளத்தில் அமிலத்தை ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுவதும் போனது. மறுநாள் அமெரிக்க மேலவை, இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமைகள் சட்டத்தை நிறைவேற்றியது.

அடுத்த ஆண்டு, 1965இல், அதே அலையில்தான் புதிய குடியேற்றச் சட்டமும் வந்தது. அதற்கு முன்னால் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்று ஒதுக்கீடு. நீங்கள், உங்கள் கணவர், உங்கள் தெருவில் இருக்கும் மற்ற தமிழர்கள் எல்லோரும் அந்தச் சட்டம் திறந்த கதவு வழியாகப் போனவர்கள். அந்தக் கதவைத் தள்ளித் திறந்தவர்களின் பேத்தியாக இருக்கலாம் அந்த நர்ஸ். அவர் உங்கள் பிள்ளைகளை அழைத்துப்போகிறேன் என்கிறார், நீங்கள் யோசிக்கிறீர்கள்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கோடை விடுமுறைக்கு நாங்கள் சேரன்மகாதேவியில் பெரியம்மா வீட்டுக்குப் போவோம். பெரியம்மா மகள் தாமிரபரணியில் அக்கரைவரை நீந்திப்போய்த் திரும்புவாள். ஊரில் பையன்கள்கூட அவளோடு போட்டிக்கு வரத் தயங்குவார்கள். எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், என் வயிற்றுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, எடுப்பேன் எடுப்பேன் என்று மிரட்டிக்கொண்டே. ஒரு வருடம் போனபோது அவள் ஆற்றுக்கு வரவில்லை. பெண் கேட்டு வரத் தொடங்கிவிட்டார்கள், வெயில் ஆகாது. காலையில் பயத்தம் மாவு, மாலையில் பாலேடு. பின்கட்டிலிருந்து பார்த்தால் ஆறு தெரியும். வந்தவர்கள் வந்து உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, பெண் கொஞ்சம் நிறம் மட்டு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கூடுதலாக நகை போட்டுத்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவளுக்கு இப்போது மூட்டுவலி, தண்ணீரில் நடந்தால் நல்லது என்று மருத்துவர் சொல்கிறார். படித்துறையில் கணுக்காலுக்கு மேல் இறங்கமாட்டேன் என்கிறாள், பயமாம். அவளுக்கு! ஒரு பெண்ணின் உடம்பில் இருந்த அத்தனை தைரியத்தையும் பாலேடு பூசியே தின்றுவிட்டோம்.

உங்கள் மாமியாரோடு சண்டை போடச் சொல்லவில்லை. அவரும் யாரோ ஒரு பெரியம்மாவின் கையால் மாவு பூசப்பட்டவராகத்தான் இருப்பார். பதினொரு வயதில் அவரை யார் என்ன சொன்னார்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஆனால் அதற்கு முன்னால், அவர் முன்னிலையிலேயே, மகளிடம் "நீந்து, கறுத்தால் கறுத்துவிட்டுப் போகட்டும், உன் நிறம் நல்ல நிறம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரியவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று ஒதுங்கிப்போவது மரியாதை ஆகாது. பிள்ளைகள் பாட்டி பேசியதை மறந்துவிடுவார்கள், அம்மா பேசாமல் இருந்ததை மறக்கமாட்டார்கள். வெயிலுக்குத் தோல் எரியாமல் களிம்பு தடவுங்கள், அது உடல்நலம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

உங்களுக்கு முன்னால் இதே நிலையில் நின்ற ஒரு தமிழ்ப் பெண் உண்டு. சியாமளா கோபாலன், 1958இல், பத்தொன்பது வயதில், தனியாக பெர்க்லிக்குப் படிக்கப் போனவர். முனைவர் பட்டம் வாங்கிய 1964ஆம் ஆண்டிலேயே மூத்த மகள் கமலா, பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான கமலா ஹாரிஸ், பிறந்தார். ஜமைக்காவிலிருந்து வந்த கணவரோடு பிறகு மணமுறிவு. புற்றுநோய் ஆராய்ச்சி ஒரு பக்கம், இரண்டு பெண் பிள்ளைகள் ஒரு பக்கம். மகளின் அரசியலை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம், நான் பேசுவது தாயைப் பற்றி. இந்த நாடு தன் மகள்களைக் கறுப்பினப் பெண்களாகத்தான் பார்க்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை மறைக்கவோ மழுப்பவோ அவர் முயலவில்லை. அந்தப் பெருமிதத்தோடே வளர்க்க முடிவெடுத்தார். அதற்காக பெசன்ட் நகரில் இருந்த தாத்தாவிடம் பிள்ளைகளை அழைத்து வருவதையும் விடவில்லை. ஆய்வகத்தில் வேலை இருந்த நேரங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் ரெஜினா ஷெல்டன் என்ற கறுப்பினப் பெண்மணி. அவர் வீட்டில் சாப்பிட்டார்கள், அவரோடு தேவாலயத்துக்குப் போனார்கள். சில நாட்கள் அம்மாவோடு ஆய்வகத்துக்கும் போய்ச் சோதனைக் குழாய்களைக் கழுவியிருக்கிறார்கள். அந்த வீட்டில் யாரும் தயங்கியதாகத் தெரியவில்லை.

"நாம் யார்?" என்று மகள் கேட்டதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் தேடாதீர்கள். தமிழ் பேசுகிறோம், திருச்சிப் பக்கம், இந்தியாவிலிருந்து வந்தோம், இந்த ஊரில் வாழ்கிறோம், கறுப்பினத்தவர் போராடிப் பெற்ற சட்டங்களின் கீழே வாழ்கிறோம் என்று இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்கள். அடுத்த முறை மெக்ஸிகனா என்று யாராவது கேட்டால், அது வசவு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லை என்று அவள் பதறி மறுக்கக் கூடாது.

நாவலைக் கேட்டிருந்தீர்கள். நான்கு வகுப்புகளில் இரண்டை நிறுத்திவிடுங்கள், எதை என்பது உங்கள் இஷ்டம். நீச்சலை மட்டும் நிறுத்தாதீர்கள். மாமியாரின் தனிச் சமையலை உங்கள் கணவர் செய்யட்டும், அவருடைய அம்மாதானே. இன்று மாலையே அந்த நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டி, திங்களும் புதனும் நீங்கள், செவ்வாயும் வியாழனும் நான் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ஓய்வு வேண்டும், இரவுப் பணி இருக்கும். உங்கள் முறை இல்லாத நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுங்கள். எழுதிய நாற்பது பக்கத்தையும் இந்த வாரமே எனக்கு அனுப்புங்கள், திருத்தாமல்.

அன்புடன்,
அக்கா