கேள்வி-பதில்: ஜார் காலக் கடற்படை அதிகாரியின் குடும்பப் படங்கள்

கேள்வி: அட்டையில் ஒட்டிய படம். சீருடையில் அதிகாரி, மார்பில் நாலைந்து பதக்கங்கள். தேதி எங்குமே இல்லை. ஆண்டைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: சரியான ஆண்டு சிக்குவது அபூர்வம். ஆனால் ‘இதற்கு முன் எடுத்திருக்க முடியாது’ என்ற எல்லையைப் பதக்கங்களே சொல்லிவிடும். ஜார்களின் ரொமானோவ் வம்சத்தின் 300-ஆம் ஆண்டுப் பதக்கம் 1913-ல் வந்தது. அப்போது பணியில் இருந்த ஏறக்குறைய எல்லா அதிகாரிகளுக்கும் கிடைத்தது. அதில் இரண்டு தலைகள் அடுத்தடுத்து இருக்கும், பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் தெரியும். 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் அட்மிரல் ரொஷெஸ்த்வென்ஸ்கியின் கப்பற்படையோடு கிழக்கே போனவர்களுக்கான பதக்கம் 1907-ல் வந்தது. அதே போரில் போர்ட் ஆர்தர் துறைமுகத்தைக் காத்தவர்களுக்கான சிலுவை 1914-ல். இருக்கும் பதக்கங்களில் எது கடைசியாக வந்ததோ அதுதான் உங்கள் எல்லை. ஒரு பதக்கம் இல்லை என்பதை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். அன்றாட உடுப்பில் எல்லாவற்றையும் குத்திக்கொண்டு யாரும் நிற்கவில்லை.

பலர் சறுக்குவது ரிப்பனில்தான். அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது; சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுத்தும் விழும். ஆரஞ்சும் கறுப்புமான புனித கியோர்கி விருதின் ரிப்பன் சில படங்களில் ஒரே கறுப்புப் பட்டையாக நிற்கும். சிவப்பும் கறுப்புமான புனித விளாதிமிர் விருதின் ரிப்பனும் அப்படியே. எனவே ரிப்பனை விட்டுவிட்டுத் தொங்குகிற சிலுவையைப் பாருங்கள். கியோர்கி வெள்ளை எனாமல், பளிச்சென்று இருக்கும். விளாதிமிர் சிவப்பு எனாமல், இருண்டு கிடக்கும்.

பதவிக்குத் தோள்பட்டி. இரண்டு கோடு, மூன்று நட்சத்திரம் என்றால் இரண்டாம் நிலை கேப்டன். இரண்டு கோடு, நட்சத்திரமே இல்லை என்றால் முதல் நிலை கேப்டன். நட்சத்திரம் இல்லாதவரைக் கீழ்ப்பதவி என்று எழுதிவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கறுப்புக் கழுகு இருந்தால் அட்மிரல் வரிசை: ஒன்று ரியர் அட்மிரல், இரண்டு வைஸ் அட்மிரல், மூன்று முழு அட்மிரல். 1917 ஏப்ரலில் கடற்படையில் தோள்பட்டியை எடுத்துவிட்டுச் சட்டைக் கைப்பட்டைகள் கொண்டுவந்தார்கள். ஆனால் போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெள்ளைப் படையின் கப்பல்களில் தோள்பட்டி திரும்பி வந்தது. 1920 கடைசியில் கிரிமியாவை விட்டு துனீசியாவின் பிசெர்த்தா துறைமுகத்துக்குப் போனவர்களின் படங்களிலும் அது இருக்கும். ஆகவே தோள்பட்டி இருக்கிறது என்பதற்காகவே 1917-க்கு முந்தையது என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: படத்தின் பின்புறம் நாகசாகி ஸ்டூடியோ முத்திரை. கையெழுத்தோ ரஷ்ய மொழி. குழப்பமாக இருக்கிறது.

பதில்: குழப்பம் வேண்டாம். ரஷ்யாவின் பசிபிக் படைக் கப்பல்கள் குளிர்காலத்தில் நாகசாகியில் நங்கூரமிடுவது வழக்கம். அதிகாரிகள் அங்கே படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். உயேனோ ஹிகோமாவின் ஸ்டூடியோ அங்கே 1862 முதல் இருந்தது.

கையெழுத்தில் ‘ѣ’, ‘і’ எழுத்துகளும் சொற்களின் கடைசியில் ‘ъ’ குறியும் இருந்தால் பழைய எழுத்து முறை. 1918-ல் அதைக் கைவிட்டார்கள். ஆனால் நாடுவிட்டுப் போனவர்கள் பிறகும் பல ஆண்டுகள் அப்படியே எழுதினார்கள். எழுதிய தேதி பழைய நாட்காட்டிப்படி இருக்கும்: 19-ஆம் நூற்றாண்டுத் தேதியோடு 12 நாள், 1900 மார்ச்சிலிருந்து 13 நாள் கூட்டுங்கள். 1904 டிசம்பர் 25 என்பது நமக்கு 1905 ஜனவரி 7. பட்டியலில் இரண்டு தேதியையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் அடுத்தவர் இன்னொரு முறை கூட்டிவிடுவார்.

ஸ்டூடியோ முத்திரையில் கண்காட்சிப் பதக்கங்களின் ஆண்டுகள் அச்சாகியிருந்தால், கடைசி ஆண்டும் ஓர் எல்லை.

கேள்வி: ஒரு படத்தில் தோள்பட்டியை மையால் அடித்திருக்கிறார்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சோவியத் காலத்தில் ஜார் அதிகாரியின் உறவு என்று தெரிந்தாலே ஆபத்து. அதனால் குடும்பத்தாரே மை பூசினார்கள், சுரண்டினார்கள், கத்தரித்தார்கள். அதுவும் இப்போது படத்தின் வரலாறுதான். துடைத்தால் மை பரவும், ஜெலட்டின் படலமும் சேர்ந்து போகலாம். அகச்சிவப்புப் படம் எடுக்கும் வசதியுள்ள ஆவணக்காப்பகத்தில் காட்டுங்கள். சில வகை மைகள் அகச்சிவப்பில் மறைந்துபோகும், அடியில் உள்ள வெள்ளிப் பிம்பம் நிற்கும். சுரண்டிய இடம் என்றால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துப் பாருங்கள், கீறலின் போக்கு தெரியும்.

கேள்வி: ஸ்கேன் செய்ய ஆல்பத்திலிருந்து பிரிக்கலாமா?

பதில்: ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். அட்டை வளைந்திருந்தால் மூடியை அழுத்தினால் முறியும். அதைக் கேமராவில் எடுப்பது மேல். சுமார் 11 க்கு 16.5 செ.மீ. உள்ள காபினெட் அட்டைக்கு 600 பி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) போதும், 6 க்கு 10 செ.மீ. உள்ள சிற்றட்டைக்கு 1200 வைத்தால்தான் பதக்கம் துலங்கும். டிஃப் கோப்பாகச் சேமியுங்கள், பின்புறத்தையும் சேர்த்து.

கேள்வி: பெயர் தெரிந்தால் எங்கே விசாரிப்பது?

பதில்: புனித பீட்டர்ஸ்பர்கில் உள்ள ரஷ்ய அரசுக் கடற்படை ஆவணக்காப்பகத்தில், 406-ஆம் தொகுப்பில் பணிப்பதிவேடுகள் இருக்கின்றன. குடும்பப் பெயர் மட்டும் போதாது. தந்தைவழிப் பெயரும் (தந்தை பெயரிலிருந்து வரும் நடுப்பெயர்) பிறந்த ஆண்டும் சேர்த்துக் கேளுங்கள். அண்ணன் தம்பி இருவருமே கடற்படையில் இருந்த குடும்பங்கள் ஏராளம், அவர்களுக்குத் தந்தைவழிப் பெயரும் ஒன்றேதான்.