மலேசியாவைக் கணக்கில் எடுக்காத பாடத்துக்கு வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

அம்மா, மகளுக்குச் சர்வதேச உறவுகள் படிக்க ஆசை. "படித்தால் மேற்கில் பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில்தான், வீட்டை அடமானம் வைத்தாவது" என்று உறவினர்கள் நெருக்குகிறார்கள் என்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. அடமானம் வேண்டவே வேண்டாம்.

சிறிய நாடுகள் எடுக்கும் முடிவுகள் ஏன் பாடத்தில் வருவதே இல்லை என்பது அவள் கேள்வி. நல்ல கேள்வி. யதார்த்தவாதக் கோட்பாட்டாளர் கென்னத் வால்ட்ஸ் 1979-இல், மலேசியாவையும் கோஸ்டாரிகாவையும் வைத்து உலக அரசியலுக்குக் கோட்பாடு எழுதுவது நகைப்புக்குரியது என்றே எழுதினார். வல்லரசுகளைப் பார்த்தால் போதும், உள்நாட்டில் யார் ஆள்கிறார்கள் என்பது இரண்டாம்பட்சம் என்பது அவர் நிலை. அதே மலேசியாவோடு இந்தோனேசியா 1963 முதல் 1966 வரை ஆயுதம் ஏந்தி மோதியது. 1967-இல் இரு நாடுகளும் வேறு மூன்று நாடுகளோடு சேர்ந்து ஆசியான் என்ற தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பைத் தொடங்கின. இடையில் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் அதிகாரம் அதிபர் சுகர்ணோவிடமிருந்து ராணுவத் தளபதி சுகார்தோவுக்குக் கைமாறியிருந்தது. உள்நாட்டை ஒதுக்கும் கோட்பாட்டால் இதை விளக்குவது கடினம்.

அப்படியானால் வேறு என்ன வழி? ஆட்சிப் பணித் தேர்வு, சட்டம் பற்றிச் சொல்ல ஆட்கள் நிறைய உண்டு, விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாதது, மொழியோடு சேர்ந்த ஈராண்டு வட்டார ஆய்வு முதுகலை, அதாவது உலகின் ஒரு வட்டாரத்தை மட்டும் ஆழமாகப் படிப்பது. தென்கிழக்காசியாவை எடுத்தால் முதல் நாளிலிருந்தே இந்தோனேசிய மொழி. ரோமன் எழுத்து, காலத்துக்கேற்ப மாறாத வினைச்சொல்; மலாயும் கூடவே பிடிபடும். தினம் ஒரு மணி நேரம் தவறக்கூடாது. இரண்டாம் ஆண்டில் பழைய நாளிதழ்களையும் தலைவர்களின் உரைகளையும் மூலத்தில் படித்து, ஐ.நா. மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் பொதுச்சபை வாக்குப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஆய்வேடு எழுதலாம். மொழியைத் தள்ளிப்போட்டால் ஆய்வேடு ஆங்கிலச் சுருக்கங்களை நம்பி நிற்கும். பழைய முடிவே புது அட்டையில் வரும். ஓராண்டுப் படிப்புகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான், மொழிக்கு அங்கே நேரமில்லை.

சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கி வாரவாரியாகப் பாருங்கள். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் "தோல்வியுற்ற அரசுகள்" வாரத்தில் மட்டும் தலைகாட்டினால் அந்தத் துறை வேண்டாம். மேற்குலகுக்கு வெளியே உள்ள நாடுகளை வைத்துக் கோட்பாடு எழுதிய அமிதாவ் ஆச்சார்யா, முகமது அயூப் போன்றோரின் எழுத்து கோட்பாட்டு வாரங்களிலேயே இருக்க வேண்டும். ஆய்வேட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியருக்கு அந்த வட்டார மொழி படிக்கத் தெரியுமா என்று நேரடியாகக் கேளுங்கள்.

உதவித்தொகையோ கட்டண விலக்கோ எழுத்தில் வராமல் முன்பணம் கட்டாதீர்கள். அதற்குள் மகள் மூன்று மாதம் அந்த மொழியைத் தானே படித்துப் பார்க்கட்டும். சலித்துப்போனால் இந்த வழியும் அவளுக்கில்லை. அப்போதும் முடிவு அவளுடையது, உறவினர்களுடையது அல்ல.