வாசகர் கேள்வி: விளம்பரம் ஏன் துரத்துகிறது?

ஒரு கடையின் இணையத்தளத்தில் பிரிட்ஜ் ஒன்றைப் பார்த்தேன். அன்றிலிருந்து சமையல் குறிப்பைத் திறந்தாலும் கிரிக்கெட் ஸ்கோரைத் திறந்தாலும் அதே பிரிட்ஜ். கடைக்கே போய் வாங்கியும் விட்டேன், பத்து நாளாகியும் நிற்கவில்லை. இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள்? (வாசகி, வெள்ளவத்தை)

ஆள் யாரும் இல்லை, ஓர் ஏலம்தான் தீர்மானிக்கிறது. நீங்கள் சமையல் பக்கத்தைத் திறக்கும்போது அதில் விளம்பரத்துக்கான இடம் காலியாகவே இருக்கிறது. பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த இடம் ஏலத்துக்கு விடப்படுகிறது. பக்கத்தின் முகவரி, இடத்தின் அளவு, போனின் வகை, ஐபி இலக்கத்தை (உங்கள் இணைய இணைப்பின் முகவரி எண்) வைத்துக் கணித்த ஊர், உங்கள் பிரவுசருக்கோ போனுக்கோ உரிய ஓர் அடையாள எண் ஆகியவை விளம்பரதாரர்களுக்காக இடம் வாங்கும் பல கணினிகளுக்குப் போகின்றன. பொதுவாக ஒரு விநாடியில் பத்திலொரு பங்குக்குள் அவை விலை சொல்ல வேண்டும், பிந்தினால் ஏலத்தில் இல்லை.

பெரும்பாலானவை உங்களை அறியாததால் சிறிய தொகையே கேட்கும், அல்லது பேசாமல் இருக்கும். பிரிட்ஜ் கடைக்காக வாங்கும் கணினிக்கு மட்டும் அந்த எண் பழக்கம். கடையின் தளத்தில் இருக்கும் சிறிய நிரல் உங்களை ‘பார்த்தார், வாங்கவில்லை’ என்ற பட்டியலில் போட்டு வைத்திருக்கிறது. அதனால் அது கூடுதலாகக் கேட்டு வெல்கிறது.

வாங்கிய பிறகும் ஏன்? அந்தப் பட்டியலில் இருந்து உங்களை எடுக்க, ‘கொள்முதல் முடிந்தது’ என்ற செய்தி இணையத்தில் பதிவாக வேண்டும். நீங்கள் கடையில் பணம் கொடுத்தது அந்தக் கணினிக்குத் தெரியாது. கூகுளில் இப்படியான பட்டியலில் ஒருவர் வழக்கமாக 30 நாள் இருப்பார், விளம்பரதாரர் விரும்பினால் 540 நாள் வரை நீட்டலாம். ஒருவருக்கு ஒரு நாளில் இத்தனை தடவைதான் என்று எல்லை போடாத கடை, பிரிட்ஜ் வாங்கியவருக்கே பிரிட்ஜ் விற்கக் காசு கொட்டுகிறது. நட்டம் உங்களுக்கு அல்ல.

நிறுத்த வேண்டுமானால் விளம்பர மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்துங்கள். கூகுள் கணக்கில் ‘மை ஆட் சென்டர்’ போய் தனிப்பயன் விளம்பரங்களை அணைக்கலாம். அண்ட்ரொய்ட் போனில் செட்டிங்ஸ், கூகுள், ஆட்ஸ் என்று போனால் விளம்பர அடையாள எண்ணையே அழித்துவிடலாம். ஐபோனில், 2021 ஏப்ரலில் வந்த 14.5 பதிப்பிலிருந்து ஒவ்வொரு செயலியும் பின்தொடர அனுமதி கேட்க வேண்டும், மறுத்தால் சரி. சபாரி பிரவுசர் 2020 மார்ச்சிலிருந்து வேற்றுத் தளங்களின் குக்கீகளை (அடையாள எண்ணைப் பிரவுசரில் வைத்திருக்கும் சிறு கோப்புகளை) முழுதாகத் தடுக்கிறது. குரோமும் அப்படிச் செய்வதாக 2020இல் அறிவித்து, தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு 2024இல் கைவிட்டது. ஆனால் ஒன்று, இவற்றால் விளம்பரங்களின் எண்ணிக்கை குறையாது. பிரிட்ஜ் போன இடத்தில் டயர் வரும்.

செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறோம். கூகுள் விளம்பரத்துக்கு நாளொன்றுக்கு 5 டொலர். எங்களைவிடக் குறைவாக ஏலம் கேட்கும் பக்கத்துக் கடை மேலே வருகிறது. ஒரு நாள் 9 டொலருக்கு மேல் செலவாகியிருக்கிறது. அழைப்புகளோ பாதி வெளிநாட்டிலிருந்து. ஏமாற்றா? (வாசகர், கொழும்பு 11)

ஏமாற்று இல்லை, அமைப்பில்தான் கோளாறு. செலவை முதலில் பார்ப்போம். தேடுவோர் கூடிய நாளில் நாள் தொகையின் இரண்டு மடங்கு வரை கூகுள் செலவழிக்கும், மந்தமான நாளில் குறைத்துக்கொள்ளும். மாதத்துக்கு எல்லை நாள் தொகையின் 30.4 மடங்கு, உங்களுக்கு 152 டொலர்.

அடுத்தது, யார் மேலே வருவது என்பது. ஒரு கிளிக்குக்கு நீங்கள் 20 சதம் கேட்கிறீர்கள், நூறு பேர் பார்த்தால் இருவர் அழுத்துகிறார்கள் என்று வையுங்கள். பக்கத்துக் கடை 15 சதம், ஆனால் நால்வர் அழுத்துகிறார்கள். நூறு தடவை காட்டினால் கூகுளுக்கு உங்களால் 40 சதம், அவரால் 60 சதம். யாரை மேலே போடும்? உண்மைக் கணக்கில் விளம்பரத்தின் பொருத்தமும், அழுத்தினால் திறக்கும் பக்கத்தின் தரமும் சேரும். ‘தாலிக்கொடி’ என்று தேடியவரைக் கடையின் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். தாலிக்கொடி மாதிரிகளும் பவுண் எடையும் உள்ள பக்கமே திறக்கட்டும். கூகுள் தமிழ் விளம்பரங்களை 2018இலிருந்து ஏற்கிறது. தமிழில் தேடுபவருக்கு ஆங்கில வாசகம் காட்டும் கடைகள் இன்னும் இருப்பது வியப்புத்தான்.

வெளிநாட்டு அழைப்புக்குக் காரணம் ஒரேயொரு தெரிவு. இடம் என்ற பகுதியில் கொழும்பைத் தெரிந்தாலும், கூகுளின் இயல்பு அமைப்பு கொழும்பில் இருப்பவர்களோடு கொழும்பில் அக்கறை காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ளும். டொரொண்டோவில் இருந்து ‘கொழும்பு நகைக்கடை’ என்று தேடுபவரும் அதில் அடக்கம். இடத் தெரிவுகளைத் திறந்து, ‘அங்கே இருப்பவர்கள்’ என்பதை மட்டும் வையுங்கள். கலியாணத்துக்கு ஊர் வருபவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள் என்றால் அவர்களுக்குத் தனி விளம்பரம், தனித் தொகை. இரண்டையும் கலந்தால் எதில் காசு போனது என்று தெரியாது.

வாரம் ஒரு தடவை தேடற்சொல் அறிக்கையைப் பாருங்கள். ‘இன்றைய தங்க விலை’, ‘நகைக்கடை வேலை’ என்று தேடியவர்கள் அழுத்தியிருந்தால் அச்சொற்களை விலக்குச் சொற்களில் (விளம்பரம் காட்ட வேண்டாத தேடல்களின் பட்டியலில்) சேருங்கள். அவர்கள் வாங்க வந்தவர்கள் அல்லர்.

வீட்டில் கேக் செய்து விற்கிறேன். பேஸ்புக் விளம்பரத்தில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை படத்தை மாற்றுகிறேன், ஐந்து விதமான ஆட்களுக்குப் பிரித்தும் போடுகிறேன். பலன் குறைந்துகொண்டே போகிறது. (வாசகி, கொட்டாஞ்சேனை)

மாற்றுவதும் பிரிப்பதும்தான் காரணம். யார் அழுத்துவார்கள் என்று பேஸ்புக் கற்றுக்கொள்ள, ஒவ்வொரு விளம்பரத் தொகுதிக்கும் வாரத்துக்கு ஏறத்தாழ 50 பலன்கள் (நீங்கள் நோக்கமாக வைத்த ஓடரோ செய்தியோ) தேவை. படத்தையோ ஆட்களையோ மாற்றினால் கற்றல் முதலிலிருந்து தொடங்கும். சிறிய தொகையை ஐந்தாகப் பிரித்தால் ஒன்றுமே 50ஐ எட்டாது. ஒரே தொகுதியாக்கி ஒரு வாரம் கை வைக்காமல் விடுங்கள். நோக்கமாக ‘செய்தி அனுப்புதல்’ என்பதைத் தெரியுங்கள், ஓடரை விட அது எளிதில் சேரும்.

சாப்பாட்டு மேசையில் நுவரெலியா போவது பற்றிப் பேசினோம். இரவே ஹோட்டல் விளம்பரம். போன் ஒட்டுக்கேட்கிறதா? (வாசகர், தெஹிவளை)

அதற்குத் தேவையே இல்லை. ஒரே வைபையில் உள்ள போன்கள் எல்லாம் வெளியே ஒரே ஐபி இலக்கமாகத் தெரியும், ஒருவர் தேடியது மற்றவரின் திரையில் எட்டிப் பார்க்கும். சந்தேகம் தீராவிட்டால் திரையின் மேல்மூலையைக் கவனியுங்கள். அண்ட்ரொய்ட் 12இலிருந்து மைக் இயங்கும்போது பச்சை அடையாளம் தோன்றும், ஐபோனில் செம்மஞ்சள் புள்ளி. அது தெரியாவிட்டால், மேசையில் இருந்தவர்களில் யார் ஹோட்டல் தேடினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.